முந்தின ராத்திரி படிச்சா ஒடம்பு பாஸாகாது

போன வருஷம் ஆபீஸ்ல ஒரு மெயில் வந்துச்சு. ஆரோக்கிய மாதம் கொண்டாடப் போறாங்களாம். எல்லாரும் ரோயிங் மெஷின்ல உக்காந்து 2000 மீட்டர் இழுக்கணுமாம். யார் எவ்வளவு நேரத்துல முடிச்சாங்கன்னு கேன்டீன் வாசல்ல ரேங்க் லிஸ்ட் ஒட்டுவாங்களாம். பத்தே நாள்ல டெஸ்ட்!

நமக்கு 43 வயசு. புனேக்கு வந்து பதினாலு வருஷமா ஹிஞ்சேவாடியில பொட்டி தட்டற வேலை. உடற்பயிற்சின்னா லிஃப்ட் ரிப்பேரான அன்னிக்கு மாடி ஏறறது மட்டும்தான். ஆனா ரேங்க் லிஸ்ட்னு ஒரு வார்த்தை காதுல விழுந்ததும் உள்ளே தூங்கிட்டிருந்த பத்தாங்கிளாஸ் பையன் முழிச்சுக்கிட்டான். நம்மாளுங்க எல்லாருக்குள்ளயும் ஒருத்தன் இருக்கானே, அவன்தான்.

அன்னிக்கு சாயங்காலமே ஜிம்முக்குப் போனேன். பக்கவாட்டுல 1லேர்ந்து 10 வரைக்கும் நம்பர் போட்ட ஒரு லீவர் இருந்துச்சு. பத்துல வெச்சேன் (ஆம்பளைல்ல!). வெறி புடிச்ச மாதிரி இழுத்தேன். முதல் 300 மீட்டர் ராஜா மாதிரி போச்சு. 800ல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. முடிக்கும்போது 10 நிமிஷம் 42 செகண்டு. அப்புறம் கால் மணி நேரம் தரையில படுத்துக் கிடந்தேன். க்ளீன் பண்ற அம்மா என்னைச் சுத்தி மாப் போட்டுட்டுப் போனாங்க.

வீட்டுல தங்கமணி ஒண்ணும் சொல்லலை, சிரிப்பை அடக்கிட்டு சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தாங்க. திருநெல்வேலிலேர்ந்து அம்மாதான் போன்ல, "ஏல, காசு குடுத்தா கயிறு இழுக்க? நம்ம கெணத்துல இழுத்திருந்தா நாலு செடிக்காவது தண்ணி பாஞ்சிருக்கும்"னாங்க.

சிரிப்பு அதோட முடிஞ்சுது. மூணாவது நாள் எங்க டீம்ல ஒருத்தர், மராத்திக்காரர், அம்பதை நெருங்குறவர், யாருக்கும் தெரியாம காலங்காத்தால வந்து பழகியிருக்கார். பாதியில நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி, ரெண்டு ஸ்டென்ட். பிழைச்சுட்டார், இப்ப நல்லா இருக்கார். ரெண்டு வருஷமா பி.பி. மாத்திரை சாப்பிடறவராம். டெஸ்டுக்குக் குடுத்த ஃபாரத்துல 'வியாதி எதுவும் இல்லை'ன்னு எழுதியிருந்தார்.

ராத்திரி தூக்கம் வரலை. ஏன்னா அதே ஃபாரத்துல 'குடும்பத்தில் யாருக்காவது இதய நோய்' அப்படிங்கிற கேள்விக்கு நானும் 'இல்லை'ன்னுதான் டிக் பண்ணியிருந்தேன். எங்கப்பா 56 வயசுல, பஸ் ஸ்டாண்டுல, மாரடைப்புல போனவர். காலையில தங்கமணிகிட்ட சொன்னேன். இந்தத் தடவை அவங்க சிரிக்கலை. நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஈ.சி.ஜி., சுகர், கொலஸ்ட்ரால், டிரெட்மில் எல்லாம் பாத்த பிறகுதான் என்னை விட்டாங்க. "செய்யலாம், மெதுவா ஆரம்பிங்க"ன்னார் டாக்டர்.

நடந்ததுக்கப்புறம் ஆபீஸ்லயும் டெஸ்டை ரெண்டு மாசம் தள்ளி வெச்சாங்க. அந்த ரெண்டு மாசத்துல நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

முதல் விஷயம், இதைக் கையால இழுக்கிற மெஷின்னு நெனைச்சுட்டிருந்தேன். காலால தள்ளுற மெஷின் இது. முதல்ல கால், அப்புறம் முதுகைச் சாய்ச்சு, கடைசியாதான் கை. திரும்பி வரும்போது அப்படியே தலைகீழ்: கை, முதுகு, கால். தள்ளுறது வேகமா, திரும்புறது நிதானமா.

ரெண்டாவது, அந்த லீவர் கஷ்டத்தைக் கூட்டறது இல்லை. உள்ளே ஒரு காத்தாடிச் சக்கரம் சுத்துது, அதுக்குள்ள எவ்வளவு காத்து போகணும்னு மட்டும்தான் லீவர் சொல்லுது. நீங்க எவ்வளவு பலமா தள்ளுறீங்களோ அவ்வளவுதான் வேலை. பழகறவங்க 3லேர்ந்து 5க்குள்ள வெச்சா போதும்.

மூணாவது, நம்ம மாதிரி கணக்குப் பிரியர்களுக்கு. திரையில 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம்னு காட்டும். 2:30ன்னா மொத்தம் பத்து நிமிஷம், அதுக்கு சுமார் 104 வாட் சக்தி வேணும். 2:00ன்னா எட்டு நிமிஷம், அதுக்கு 203 வாட். அதாவது நேரத்துல அஞ்சுல ஒரு பங்கு குறைக்க, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சக்தி! ஆரம்பத்துல ஆர்வக் கோளாறுல பறக்குறவங்க 800 மீட்டர்ல ஏன் செத்துப் போறாங்கன்னு இப்ப புரியுதா?

அதனால முதல் மூணு வாரம் பேசிக்கிட்டே இழுக்கிற வேகத்துல இருபது நிமிஷம், வாரத்துல நாலு நாள், அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாரம் ஒரு நாள் மட்டும் 500 மீட்டர் நாலு தடவை, நடுவுல நல்லா ஓய்வு எடுத்துக்கிட்டு. மத்த நாளெல்லாம் பழைய நிதானம்தான். கடைசி வாரம் குறைச்சுக்கணும். டெஸ்ட் அன்னிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, பத்து நிமிஷம் வார்ம்-அப். முதல் 500ஐ 'இவ்வளவுதானா'ன்னு தோணற மாதிரி ஓட்டணும். மூணாவது 500தான் நரகம். முடிச்சதும் பொத்துனு படுக்காம, கொஞ்ச நேரம் மெதுவா இழுத்துட்டு இறங்கணும்.

இதே புனேல தாபோடி பக்கம் ராணுவத்தோட துடுப்புப் படகுப் பயிற்சி மையம் இருக்கு. தத்து போகனல் அங்கே பழகினவர்தான். நாசிக் பக்கத்துக் கிராமத்துல அப்பாவோட கெணறு வெட்டிட்டிருந்தவர். 2012ல ராணுவத்துல சேர்ந்து, அதுக்கப்புறம்தான் துடுப்பையே தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்ல தனிநபர் போட்டியில 13வது இடம். கெணறு வெட்டி உரமேறின ஒடம்புக்கே இத்தனை வருஷப் பயிற்சி வேணும்னா, நாற்காலியில உக்காந்தே தேய்ஞ்ச ஒடம்பைப் பத்து நாள்ல தயார் பண்ணச் சொல்றது என்ன நியாயம்?

என் கட்சி இதுதான். ஆபீஸ்ல டெஸ்ட் வைங்க, தப்பே இல்லை. எட்டு வாரம் முன்னாடி சொல்லுங்க. நாப்பது தாண்டினவங்களை முதல்ல டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஃபாரத்துல எழுதறது யார் கண்ணுலயும் படாதுன்னு நம்பிக்கை குடுங்க. லிஸ்ட் மட்டும் ஒட்டாதீங்க. இருபத்தஞ்சு வயசுப் பையனையும் அம்பது வயசுக்காரரையும் ஒரே காகிதத்துல வரிசைப்படுத்தினா, வெக்கப்பட்டு மாத்திரையை மறைக்கத்தான் செய்வாங்க. ஹெச்.ஆருக்கு இதை எழுதியும் அனுப்பினேன். தேதியைத்தான் தள்ளினாங்க, லிஸ்டை ஒட்டத்தான் செஞ்சாங்க.

ஆனா தப்பு முழுக்க அவங்க மேல இல்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும்போது சந்தோஷப்பட்ட தலைமுறை நாம. ஊரைவிட்டு வந்து, ஈ.எம்.ஐ. கட்டி, புள்ளைங்களை டியூஷனுக்குக் கொண்டு விட்டு, ஒடம்பை மட்டும் அரியர் பேப்பரா வெச்சுட்டோம். அதையும் முந்தின ராத்திரி படிச்சு பாஸ் பண்ணிடலாம்னு ஒரு நெனைப்பு.

என் ரிசல்ட்டைக் கேட்கலையே? 9 நிமிஷம் 12 செகண்டு. 38 பேர்ல 31வது. அந்த லிஸ்ட் முன்னாடி நின்னு சந்தோஷமா சிரிச்ச ஒரே ஆளு நான்தான்னு நெனைக்கிறேன். முதல் நாளைவிட ஒன்றரை நிமிஷம் குறைச்சல், தரையில படுக்கவும் இல்லை.

போன மாசம் பொண்ணோட ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம். எட்டாவது படிக்கிறா. வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கறாங்கன்னு சொன்னா. எழுந்து நின்னு கேட்டேன். பக்கத்துல இருந்த அப்பா அம்மாக்கள் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. ஒரு பீரியடைத் திருப்பித் தர்றேன்னிருக்காங்க. இன்னொண்ணுக்கு அடுத்த கூட்டத்துல எழுந்திரிக்கணும்.