வயசைக் கேக்காதீங்க, பந்தைப் போடச் சொல்லுங்க



போன தடவை இந்தச் சுவர்ப் பத்திரிகைக்கு 'மழைநீர் சேமிப்பு' எழுதினேன். அதற்கு முந்தின தடவை 'மரம் வளர்ப்போம்'. இரண்டையும் எத்தனை பேர் கடைசி வரைக்கும் படிச்சீங்கன்னு எனக்கே தெரியும். அதனால் இந்தத் தடவை நாம் எல்லாரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுகிற விஷயத்தையே எழுதுகிறேன். வயசான பந்துவீச்சாளரை ஒரு அணி காசு கொடுத்து எடுக்கலாமா, கூடாதா?

2024 நவம்பர் மாதம் சவுதி அரேபியாவில் ஜெட்டா என்ற ஊரில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. அதில் சென்னை அணி அஸ்வினை 9.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவருடைய தொடக்க விலை 2 கோடிதான். வயது 38. மறுநாள் வகுப்பில் ஒரே சண்டை. "38 வயசு ஆளுக்குப் பத்து கோடியா? அந்தக் காசுக்கு ரெண்டு சின்னப் பசங்களை எடுத்திருக்கலாம்" என்று பையன்கள் சொன்னார்கள். நான் ஒருத்திதான் எதிர்த்துப் பேசினேன். அந்த வருஷம் செப்டம்பர் மாதம்தான் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்டில் அஸ்வின் 113 ரன் அடித்தார். அதே டெஸ்டில் இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார். அவருடைய 38ஆவது பிறந்தநாள் முடிந்து இரண்டாம் நாள் ஆரம்பித்த ஆட்டம் அது. இதையெல்லாம் ஒப்பிச்சேன். "அவரு சென்னைக்காரரு, இங்கதான் ஐ.பி.எல். ஆட ஆரம்பிச்சாரு, சொந்த வீட்டுக்குத் திரும்பி வர்றாரு, வயசு என்னடா வயசு" என்றும் கேட்டேன். பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பத்து கடலை மிட்டாய் பந்தயம் வேறு கட்டினேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2025இல் அஸ்வின் 9 ஆட்டம் ஆடி 7 விக்கெட்தான் எடுத்தார். சென்னை அணி 14 ஆட்டத்தில் நாலே நாலு ஜெயித்து, பத்து அணிகளில் பத்தாவது இடத்துக்குப் போனது. அதே ஏலத்தில் 10 கோடிக்கு எடுத்த ஆப்கானிஸ்தான் பையன் நூர் அகமது, இருபது வயசுதான், 24 விக்கெட் எடுத்தான். அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் அஸ்வின் ஐ.பி.எல்.லில் இருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். கடலை மிட்டாய் பத்தும் கொடுத்தாச்சு. அதுக்கு அப்புறமும் என்னைப் பார்த்தால் "ஒம்பதே முக்கால் கோடி" என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

நான் தோற்றது உண்மைதான். ஆனால் பையன்கள் ஜெயித்தார்கள் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்றால், அவர்கள் பார்த்தது பிறந்த வருஷத்தை. நான் பார்த்தது சேப்பாக்கம் டெஸ்டையும் சொந்த ஊரையும். ரெண்டு பேருமே பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. 2024 ஐ.பி.எல்.லில் ராஜஸ்தான் அணிக்காக அஸ்வின் 15 ஆட்டம் ஆடினார். எடுத்தது 9 விக்கெட். ஏலத்துக்கு ஆறு மாதம் முன்னாடி எல்லாரும் டி.வி.யில் பார்த்த கணக்கு இது. டெஸ்டில் அடிக்கிறவர் பொறுமையாக நிற்பார், பந்து போடுகிறவர் ஓவர் ஓவராக வலை பின்னி அவரை விழ வைக்கலாம். 20 ஓவர் ஆட்டத்தில் முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்கத்தான் வருகிறார்கள். வலை பின்ன நேரம் ஏது? நல்ல சாம்பார் வைக்கிறவங்க நல்லா முறுக்கும் சுடுவாங்கன்னு நம்பி மாவு வாங்கிக் கொடுத்த மாதிரிதான் நான் பேசியது.

சரி, வயசுதான் காரணம் என்றால் இம்ரான் தாஹிரை என்ன சொல்வீர்கள்? அவரும் இதே சென்னை அணிதான். 2018இல் ஒரு கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். 2019 ஐ.பி.எல். நடக்கும்போதுதான் அவருக்கு நாற்பது வயது முடிந்தது. அந்த வருஷம் 26 விக்கெட் எடுத்து, எல்லா அணியிலும் சேர்த்து அதிக விக்கெட் எடுத்தவருக்குக் கொடுக்கிற ஊதாத் தொப்பியை வாங்கினார். விக்கெட் எடுத்ததும் கையை விரிச்சுக்கிட்டு மைதானம் முழுக்க ஓடுவார், அவரைப் பிடிக்க மத்தவங்க பின்னாடி ஓடணும். பிரவீன் தாம்பே என்று ஒருவர். முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல், 2013இல் 41 வயதில் ராஜஸ்தான் அணிக்கு வந்தார். அடுத்த வருஷம் கொல்கத்தாவுக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். இவர்களை எடுத்தவர்கள் பிறப்புச் சான்றிதழைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதைப் பற்றி நம் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டபோது அவர் வேறு ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் பேஸ்பால் என்று விளையாடுகிறார்கள் அல்லவா, அதில் பந்தை எறிகிறவர் சாட்செல் பேஜ். 1947 வரைக்கும் கருப்பினத்தவர்களை அங்கே பெரிய லீக் அணிகளில் சேர்க்கவே மாட்டார்களாம். அதனால் அவர் தன் நல்ல வயசு முழுவதும் கருப்பினத்தவர்களுக்கான தனி லீக்கில்தான் எறிந்தார். 1948இல் கிளீவ்லாந்து அணி அவரைக் கூப்பிட்டபோது வயது 42. கூட்டம் சேர்க்கிறதுக்காகக் கிழவரைக் கூட்டிட்டு வர்றாங்கன்னு கேலி பேசினார்கள். அந்த அணியின் மேலாளர் லூ பௌட்ரோ என்ன செய்தார் தெரியுமா? அவரை மைதானத்துக்கு வரச் சொல்லி, பந்தை எறியச் சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான். பந்து குறி தப்பாமல் வந்தது, எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் பேஜ் ஆறு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார், தோற்றது ஒன்றுதான். அணியும் கோப்பை வாங்கியது.

எனக்கு இதில் பிடித்தது அந்த எறியச் சொல்லிப் பார்த்ததுதான். வயசும் கேட்கவில்லை, பழைய பெருமையும் கேட்கவில்லை.

"வயசானவங்க இடத்தை அடைச்சுக்கிட்டா சின்னவங்க எப்ப வர்றது?" என்று என் பக்கத்து பெஞ்ச் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் 2025இல் வைபவ் சூர்யவன்ஷி என்ற பையன் 14 வயதில், அதாவது என் வயதில், 35 பந்தில் சதம் அடித்தான். யாரும் அவன் இடத்தை அடைக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பெரியவர் கூட இருந்தா சின்னவங்க கத்துக்குவாங்க" என்று சொல்லி ஒருவரை விளையாட எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கத்துக்கொடுக்கத்தான் பயிற்சியாளர் வேலை இருக்கிறது. களத்தில் இறங்குகிறவர் விக்கெட் எடுக்க வேண்டும். அவரால் இப்போதும் முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் மாலை போட்டு அனுப்புங்கள்.

சுழல் பந்து என்றால் சரி, வேகப்பந்து வீச வயசானால் முடியாது என்று சொல்வார்கள். ஓடி வந்து மொத்த உடம்பையும் ஒரு காலில் இறக்குகிற வேலை, முட்டியும் முதுகும் தாங்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தென்னாப்பிரிக்காவின் ஷப்னிம் இஸ்மாயில் 2023 மே மாதம் நாட்டுக்காக ஆடுவதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அந்த வருஷக் கடைசியில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை அணி 1.20 கோடிக்கு அவரை எடுத்தது. வயது 35. ஓய்வு பெற்றவருக்கு எதுக்குக் காசு என்று நம் வகுப்புப் பையன்கள் கேட்டிருப்பார்கள் (கேட்கவில்லை, பெண்கள் ஆட்டத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை). 2024 மார்ச் 5ஆம் தேதி டெல்லியில் மெக் லேனிங்குக்கு அவர் போட்ட ஒரு பந்து மணிக்கு 132.1 கிலோமீட்டர் வேகம். பெண்கள் கிரிக்கெட்டில் 130ஐத் தாண்டி அளக்கப்பட்ட முதல் பந்து அதுதான். இருபது வயதுக்காரர்கள் யாரும் போடாத பந்து அது.

அந்த மும்பை அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஜுலன் கோஸ்வாமி. பெண்கள் ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட் எடுத்தவர். 2022 செப்டம்பர் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் 39 வயதில் கடைசி ஆட்டம் ஆடினார். மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் ஆட்டம் 2023 மார்ச் 4ஆம் தேதி. இடையில் ஆறு மாதம்கூட இல்லை. ஆண்களுக்கு 2008லேயே ஐ.பி.எல். வந்துவிட்டது. அப்போது ஜுலனுக்கு 25 வயது. பெண்களுக்கு 15 வருஷம் கழித்து வந்தது. அதனால் பெண்களைப் பார்த்து "உனக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். கதவைத் திறக்கத் தாமதம் செய்துவிட்டு, வாசலில் நின்றவர்களிடம் வயசு கேட்டால் எப்படி?

கோபம் வரும் என்று எழுதிவிட்டேன். ஆனால் இதை எழுதாமல் விட்டால் நான் பொய் எழுதினதா ஆகும்.

எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பெண்கள் எறிபந்துப் போட்டி வைப்பார்கள். மேலத்தெருவுக்கும் எங்களுக்கும்தான் எப்பவும் போட்டி. போன பொங்கலுக்கு அணியில் யார் யார் என்று பேர் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, "என் பேரையும் எழுதேன், நான் பள்ளிக்கூடத்துல ஆடுனவதான்" என்றார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்க்காமலே, "உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல? விழுந்துகிழுந்து வைப்ப" என்றேன். பெரியம்மா பொண்ணும் பக்கத்தில் இருந்தாள், சிரித்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அப்போது 36 வயது. அஸ்வினைவிடச் சின்னவர்கள். 38 வயசு ஆளுக்காக வகுப்பே கேட்கிற மாதிரிக் கத்தின நான்தான் இதைச் சொன்னேன்.

போட்டி அன்று அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து எல்லையைத் தாண்டி அம்மாவிடம் போனது. ஒரே கையில் பிடித்து, காதுக்கு மேலே தூக்கி, நின்ற இடத்திலிருந்தே எறிந்தார்கள். பந்து எங்கள் எல்லார் தலைக்கும் மேலே போய், வலையையும் தாண்டி, அந்தப் பக்கம் பின்கோட்டில் நின்றிருந்த மேலத்தெரு அக்கா கையில் போய் விழுந்தது. அந்த அக்காவே "யாரு எறிஞ்சது?" என்று கேட்டார். நாங்கள் ஆறு புள்ளியில் தோற்றோம். எங்கள் அணியில் பாதிப் பேருக்கு பந்து வலையைத் தாண்டவே இல்லை, என்னையும் சேர்த்து.

ஆகவே அடுத்த பொங்கலுக்குப் பேர் எழுதும் அக்காமார்களுக்கு என்னுடைய கருத்து இது. பேர் எழுதுவதற்கு முதல் நாள் சாயங்காலம் விருப்பம் இருக்கிற எல்லாரையும் கோயில் திடலுக்கு வரச் சொல்லுங்கள். ஆளுக்குப் பத்துப் பந்து கொடுங்கள். பின்கோட்டிலிருந்து எறியட்டும். எத்தனை பந்து வலையைத் தாண்டி உள்ளே விழுகிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் முதலில் வருகிற ஏழு பேர் அணி. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் சரி, பேரன் எடுத்த பாட்டியாக இருந்தாலும் சரி. எனக்குப் பத்தில் மூன்றுதான் விழும், அதனால் நான் வெளியே உட்கார வேண்டி வரலாம். பரவாயில்லை, புள்ளி எழுதுகிறேன்.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது சுவரில் ஒட்டியிருப்பதைப் படிப்பார்கள்.

— 9ஆம் வகுப்பு மாணவி