அழைப்பு காம்பரா வரை போக வேண்டும்: மண்சரிவு எச்சரிக்கை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களை மூடியபோது, உள்ளே எத்தனை பேர் என்ற கேள்விக்கு யாரிடமும் உறுதியான பதில் இருக்கவில்லை. முதலில் 300 பேர் வரை என்றார்கள். பிறகு 200க்குக் கீழே என்றார்கள். கடைசியில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து 40க்கும் குறைவு என்ற இடத்தில் அந்தக் கணக்கு நின்றது. மலை எந்த நேரம் சரியும் என்று சொல்ல முடியாமற்போவதைப் புரிந்துகொள்ளலாம். அதன் அடியில் குடியிருந்தவர்கள் யார் யார் என்று சொல்ல முடியாமற்போனதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அங்கே ஆபத்து இருப்பது முன்பே தெரிந்திருந்தது. 2005இலும் 2011இலும் அந்த மக்களை இடம் மாற்றச் சொல்லி எச்சரிக்கைகள் கொடுக்கப்பட்டிருந்தன. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, சனங்கள் லயனில் இருந்தார்கள். பெரகலயைச் சுற்றியுள்ள தோட்ட மக்களுக்காக இயங்கும் இவ்வமைப்பு இந்த இடைவெளியைப் பற்றித்தான் பேசுகிறது. மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தொலைபேசியில் அழைக்கும் பட்டியல் எதுவானாலும், அது அந்தந்தக் குடும்பத்தின் பதிவோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடு. வெறும் எண்களின் வரிசையை வைத்துக்கொண்டு மக்களுக்கு அறிவித்துவிட்டோம் என்று சொல்வதை ஏற்க முடியாது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைப் பார்த்து மூன்று நிலைகளில் எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்பது ஹல்துமுல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள்தான். ஒரு பிரிவுக்குள் எத்தனை தோட்டம், ஒரு தோட்டத்துக்குள் எத்தனை டிவிஷன்! மேட்டு லயன்காரருக்கும் ஓடையோரத்து லயன்காரருக்கும் ஒரே செய்திதான் வருகிறது. அது தனக்கா என்று தெரியாதவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்.

லயனில் ஒரு குடும்பம் குடியிருக்கும் ஒரு காம்பராவை நினைத்துப் பாருங்கள். நடக்க முடியாத பாட்டி, கொழுந்தெடுக்கும் மகள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பட்டியலில் இருக்கும் எண் கொழும்பில் கடையில் வேலைபார்க்கும் மகனுடையது. எச்சரிக்கை அழைப்பு போகிறது, அவன் எடுக்கிறான், ‘பதில் கிடைத்தது’ என்று பதிவாகிறது. காம்பராவில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. பக்கத்துக் காம்பராவில் போனே இல்லை. அதற்கடுத்த காம்பராவில் ஒரே போனை மூன்று குடும்பங்கள் பாவிக்கின்றன. எண்ணை மட்டும் பார்க்கும் பட்டியலில் இந்த மூன்று வீடுகளுக்கும் இடையில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆகவே, பதிவின் அடிப்படை தொலைபேசி எண்ணாக இருக்கக் கூடாது, வீடாக இருக்க வேண்டும். தோட்டம், டிவிஷன், லயன், காம்பரா என்று ஒவ்வொரு குடியிருப்புக்கும் மாறாத அடையாளம் ஒன்று கொடுத்து, அதன் கீழே அங்கு குடியிருப்போர், தூக்கிச் செல்ல வேண்டிய நோயாளிகள், கைக்குழந்தைகள், பேசும் மொழி, போகவேண்டிய பாதுகாப்பான இடம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஒரு எண்ணைப் பல வீடுகளோடும், ஒரு வீட்டைப் பல எண்களோடும் பொருத்த வழி வேண்டும். அழைப்பின் முடிவு அந்த வீட்டின் பதிவிலேயே வந்து விழ வேண்டும். யார் எடுத்தார், வீட்டில் இருப்பவரா வெளியூரில் இருப்பவரா, வெளியேறிவிட்டார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பதில் வராத காம்பராக்களின் பெயர்ப்பட்டியல் அந்த நிமிடமே கிராம உத்தியோகத்தரின் கைக்குப் போனால்தான் ஆளை அனுப்பிக் கதவைத் தட்ட முடியும். வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் வாடிக்கையாளரை அழைக்கும்போது அவருடைய பழைய கணக்கு முழுவதையும் திரையில் வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. உயிர் சம்பந்தப்பட்ட அழைப்புக்கு அதைவிடக் குறைந்த ஏற்பாடு எப்படிப் போதும்?

தோட்டத்துச் செக்ரோல் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது சம்பளக் கணக்கு. பேர் பதிந்த தொழிலாளி அதில் இருப்பார். ஓய்வுபெற்றவரும், வெளியே கூலிக்குப் போகிறவரும், பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். மண்சரிவுக்கு இந்த வேறுபாடு கிடையாது.

மொழியும் பதிவில் ஒரு கட்டமாகவே இருக்க வேண்டும். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் ஆட்சிமொழி. நள்ளிரவில் சிங்களத்தில் மட்டும் வரும் குறுஞ்செய்தியை மொழிபெயர்க்க ஆள் தேடும் நிலையில் எந்தக் குடும்பமும் விடப்படக் கூடாது.

இவையெல்லாம் எட்டாத தொழில்நுட்பம் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க இலங்கை மென்பொருளாளர்களே உருவாக்கிய ‘சஹானா’ என்ற கட்டற்ற மென்பொருள், பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. இந்த நாட்டில் பிறந்த அறிவு இந்த நாட்டின் லயன்களுக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்க மலையக மக்களுக்கு உரிமை உண்டு.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இன்னொன்றையும் காட்டியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்தப் புயலில் பதுளை மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. எனவே சிவப்பு வரும்வரை காத்திருக்காமல் மஞ்சள் நிலையிலேயே அழைப்புகள் தொடங்க வேண்டும். அதே பதிவின் அச்சுப் பிரதி ஒன்று ஒவ்வொரு டிவிஷனிலும், மழையில் நனையாத இடத்தில், பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இப்படி ஒரு பதிவு வந்தால் அதன்மீது பலர் கண் வைப்பார்கள். கடன் கொடுக்கும் கம்பனிகளுக்கும் வாக்குக் கேட்டு வருபவர்களுக்கும் வீடுவாரியான தொலைபேசிப் பட்டியல் பெரும் சொத்து. பதிவு பிரதேச செயலகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும், தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்படக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உணர்வுக்கு ஏற்ப, எச்சரிக்கை, மீட்பு ஆகிய இரண்டைத் தவிர வேறெதற்கும் அது திறக்கப்படக் கூடாது. நோய் விவரங்களைத் தருவதா வேண்டாமா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும்.

அழைப்பு நன்றாக வேலை செய்கிறது என்பதைக் காரணங்காட்டி வீடமைப்பைத் தள்ளிப்போடவும் இவ்வமைப்பு இடம் கொடுக்காது. மீரியபெத்தையில் தப்பியவர்கள் மகல்தெனியவில் புது வீடு காண ஏறத்தாழ இரண்டு வருடம் காத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயன்கள் சேதமாகின. நிலையான தீர்வு ஆபத்தில்லாத காணிதான்.

அந்தக் காணி வரும்வரை, ஒவ்வொரு ஆண்டும் ஒக்டோபர் மழைக்கு முன், அபாயப் பகுதியென அடையாளமிடப்பட்ட ஒவ்வொரு லயனுக்கும் ஒரு பரீட்சார்த்த அழைப்பு போக வேண்டும். எத்தனை காம்பராக்களில் பதில் கிடைக்கவில்லை என்பதை, பெயர்களைச் சொல்லாமல் எண்ணிக்கையாக மட்டும், தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும். அந்த எண்ணிக்கை குறையாத டிவிஷனுக்குப் பிரதேச செயலாளர் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும்.