கோப்பை அடைத்தால் ஆளைக் கூப்பிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் கழிப்பறை அடைத்துக்கொண்டது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார்கள், இறங்கவில்லை. வீடு நிறைய விருந்தாளிகள். வீட்டுக்காரர் அதிகம் யோசிக்கவில்லை. கைபேசியை எடுத்தார். "நம்ம காலனிக்குச் சொல்லி, யாராச்சும் ஒருத்தன வரச்சொல்லு" என்றார்.

போனவர் எங்கள் தெருப் பெரியவர். வயது அறுபதைத் தாண்டியவர். வாசலில் நின்ற பையனுக்கு இருபது வயது இருக்கும். "பின்பக்கமா வாடா" என்றான். பெரியவர் போனார். கோப்பையின் வளைவுக்குள் கையை விட்டு, குழந்தைக்குக் கட்டிய டயப்பர் ஒன்றை இழுத்துப் போட்டார். பத்து நிமிட வேலை. கையில் இருநூறு ரூபாயைத் திணித்தார்கள். காகிதக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். பிறகு, "வந்தது வந்துட்ட, அந்தத் தொட்டி மூடியையும் திறந்து, உள்ள எறங்கிப் பாத்துட்டுப் போ" என்றார்கள்.

பெரியவர் இறங்கவில்லை. "அதுக்கு லாரிய கூப்பிடுங்க சாமி" என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தார். அன்று அவர் இறங்கியிருந்தால் இந்தப் பத்தியை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

இந்த ஒரு காலைப் பொழுதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. கோப்பை அடைப்பை எடுப்பது முதல் வேலை. அது அந்த வீட்டார் தங்கள் கையால் செய்துகொள்ள வேண்டியது. தொட்டிக்குள் இறங்குவது இரண்டாவது வேலை. அதை எந்த மனிதனும் செய்யக் கூடாது; எந்திரம்தான் செய்ய வேண்டும். இவை இரண்டுக்கும் நடுவில் சாதி ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவனை அங்கிருந்து விலக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதற்கு முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் கைவேலை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்பை அடைத்தால் என்ன செய்வது? அதற்கென்று ரப்பர் பம்பு கடையில் விற்கிறது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தரை துடைக்கும் பழைய மாப்பை எடுங்கள். அதன் தலையைக் கெட்டியான பாலிதீன் பையால் மூடி, கழுத்தில் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்போது, மாப்பின் தலையைத் துளையின் மேல் வைத்து அழுத்தி அழுத்தி இழுங்கள். பதினைந்து இருபது முறை செய்தால் பெரும்பாலான அடைப்பு அசைந்துவிடும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சிறுகச் சிறுக ஊற்றினால் பயனில்லை. தண்ணீரின் வேகம்தான் வேலை செய்கிறது.

அசையவில்லை என்றால் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். அதன் பிறகு கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றலாம். கொதிநீர் வேண்டாம், பீங்கான் வெடித்துவிடும். துணி, முடி, டயப்பர் போன்றவை சிக்கியிருந்தால், கெட்டியான கம்பி ஒன்றின் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, சிக்கியதை வெளியே இழுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். தள்ளினால் அது குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நாற்றம் வருகிறதா? முதலில் கோப்பையின் வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீர்தான் குழியின் வாயுவை மேலே வராமல் தடுக்கிறது. கிராமப்புறக் கழிப்பறைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட கோப்பையில் இந்தத் தண்ணீர்ப் பூட்டு 20 மில்லிமீட்டர் அளவுதான். அதனால்தான் அந்தக் கோப்பைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் பல நாள் வீடு பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்கிற பிரச்சினைக்குப் பினாயில் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றுகிறோம்.

தொட்டியின் காற்றுக் குழாய் வழியாகக் கொசு வருகிறதா? பழைய கொசுவலைத் துண்டை அதன் வாயில் கட்டுங்கள். குழாய் இணைப்பில் ஒழுகுகிறதா? சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டினால், கொத்தனார் வரும்வரை தாங்கும். குழி சீக்கிரம் நிறைகிறதா? குளியலறைத் தண்ணீரும் அதே குழிக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். அந்தக் குழாயைப் பிரித்து வாழைக்குத் திருப்பிவிட்டால் குழிக்குச் சுமை குறையும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறோம். அடைப்பு எடுக்க ஆசிட் ஊற்றாதீர்கள். குழிக்குள் மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய கழிப்பறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. நாப்கின், டயப்பர், கோழி இறகு, தலைமுடி எதையும் கோப்பையில் போடாதீர்கள். நீங்கள் போடுகிற நாப்கினை இன்னொருவர் கைவிட்டு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கைவைத்தியம் இதோடு முடிந்தது. தொட்டியின் மூடியைத் தாண்டிய எதற்கும் கைவைத்தியம் கிடையாது.

மூடிய தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அது அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் ஓரிரு மூச்சில் சாய்கிறார். அவரைத் தூக்க இறங்குகிற அண்ணனோ தம்பியோ அடுத்துச் சாய்கிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாகும் செய்திகளை நாம் படிப்பது இதனால்தான். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மீத்தேன் தீப்பற்றும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் இறங்காமல் உடனே தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டம், அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பில்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. இந்தச் சாவுகள் பற்றி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு பலமுறை முதலிடத்தில் இருந்திருக்கிறது. சமூக நீதி பேசும் மாநிலத்துக்கு இது பெருமையா?

"கூலிக்குத்தானே வருகிறார், நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் ஒன்று கேட்கிறோம். நகரத்திலிருந்து பிளம்பர் ஒருவர் வந்து இதே அடைப்பை எடுத்தால் அவரை எப்படி நடத்துகிறீர்கள்? முன்வாசல் வழியாக வருகிறார். "வாங்க" என்கிறீர்கள். அவர் கேட்ட கூலியைக் கொடுக்கிறீர்கள். வீட்டு டம்ளரில் தேநீர் தருகிறீர்கள். அவருடைய சாதி என்ன என்று கேட்பதில்லை. காலனியிலிருந்து ஒருவர் வந்து அதே வேலையைச் செய்தால் மட்டும் பின்வாசலும் 'வாடா'வும் காகிதக் குவளையும் ஏன்? வேலை ஒன்று, மரியாதை இரண்டு என்றால், அங்கே கொடுக்கப்படுவது கூலி அல்ல, சாதிக்கடமைக்கான சில்லறை.

எங்கள் தெருவைப் பற்றியும் பேச வேண்டும். தூய்மை இந்தியா திட்டம் 2014-ல் தொடங்கியபின் பன்னிரண்டாயிரம் ரூபாய் மானியத்தில் நம் தெருக்களிலும் கழிப்பறைகள் வந்தன. இரட்டைக்குழி முறையில் கட்டியிருந்தால் யாருடைய உதவியும் தேவையில்லை. ஒரு குழி நிறைந்ததும் சின்னச் சேம்பரில் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிடலாம். நிறைந்த குழியை இரண்டு ஆண்டு மூடிவைத்தால் அது நாற்றமில்லாத எருவாகிவிடும். மலத்தை யாரும் தொட வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் நோக்கம். ஆனால் எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒற்றைக் குழிதான் இருக்கிறது. அதையும் கழிவுநீர் லாரி நுழைய முடியாத சந்தில் தோண்டியிருக்கிறார்கள். அது நிறைந்தால் நாமே நம் பிள்ளைகளை இறக்குகிறோம். ஊர்த்தெருக்காரர் இறக்கினால் குற்றம், நாம் இறக்கினால் சிக்கனம் என்று ஆகாது.

இதைக் கேட்க இடம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒற்றைக் குழி வீடுகளுக்கு இரண்டாவது குழி வேண்டும், சந்துக்குள் எட்டும் நீளக் குழாயோடு லாரி வேண்டும், அதற்கு நியாயமான கட்டணத்தை அறிவிக்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதவையுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல். பள்ளியிலோ விடுதியிலோ கழிப்பறை கழுவ நம் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அனுப்பினால் அதற்கு அடங்கிப் போகாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். பட்டியலினத்தவரைக் கையால் மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம். அதேசமயம், உங்கள் அறைக் கழிப்பறை அடைத்தால் மாப்பில் பையைக் கட்டி நீங்களே இறங்கி வேலை பாருங்கள். முறைப்பட்டியல் போட்டால் அதில் எல்லாச் சாதிப் பெயரும் இருக்கட்டும். கழிப்பறை கழுவுவது இழிவல்ல. ஒரு சாதியின் தலையில் மட்டும் அதைக் கட்டுவதுதான் இழிவு.

அந்தப் பெரியவர் இப்போது அந்த வீட்டுப்பக்கம் போவதில்லை. போன மாதம் அங்கே மறுபடி அடைத்ததாம். ஆள் வரவில்லை. "பின்பக்கமா வாடா" என்ற அதே பையன் ஒரு கம்பியை வளைத்துக்கொண்டு தானே எடுத்தானாம். பத்து நிமிடம்தான் ஆனதாம்.