அம்மாவை நினைத்துச் செய்த ஆட்டப் பெட்டி

டெலிவிஷனில் மாட்டி விளையாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியைக் கண்டால் எந்தத் தாய்க்குத்தான் மனம் குளிரும்? பையன் சாப்பாட்டை மறக்கிறான்; பாடத்தை மறக்கிறான். டெலிவிஷன் அவன் வசமாகிவிடுகிறது. கூடத்தில் நடந்தால் ஒயர் காலை இடறுகிறது. "இதை எவன்தான் கண்டுபிடித்தானோ!" என்று அலுத்துக் கொள்கிறோம், இல்லையா?

அப்படி அலுத்துக் கொள்ளும் தாய்மாரை மனத்தில் வைத்தே ஒரு பெட்டி தயாரானது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? அதன் பெயர் 'வீ'. இங்கிலீஷில் 'நாம்' என்பதற்கு உள்ள சொல்லைப் போலவே ஒலிக்கும்படி வைத்த பெயர். ஜப்பானில் க்யோட்டோ நகரத்திலுள்ள நின்டெண்டோ கம்பெனி 2006-ம் ஆண்டு நவம்பரில் இதை முதலில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. 1889-ம் ஆண்டில் சீட்டுக்கட்டு செய்து பிழைப்பைத் தொடங்கிய பழைய கம்பெனி அது. வீ இப்போது தயாராவதில்லை. ஆனாலும், புதுப் பெட்டி ஏதாவது வாங்கலாமா என்று யோசிக்கிற குடும்பத்துக்கு இதன் கதையில் நல்ல பாடம் இருக்கிறது. வழக்கம்போல் முதலில் நிறைகளைப் பார்ப்போம், பிறகு குறைகள்.

அந்தக் கம்பெனியின் பெயர் பெற்ற விளையாட்டு நிபுணர் ஷிகெரு மியமோட்டோ. தாய்மார்களே விரும்பி வாங்கும்படி பெட்டி இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சுலபமாக இயங்க வேண்டும். இரைச்சல் போடக் கூடாது. மின்சாரத்தை விழுங்கக் கூடாது. தலைவராக இருந்த சடோரு இவாடாவோ, இரண்டு மூன்று டி.வி.டி. உறைகளை அடுக்கி வைத்தால் எத்தனை கனமோ அத்தனைதான் பெட்டி இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சொன்னபடியே செய்தார்கள். விளையாடும்போது அது இழுக்கும் மின்சாரம் 20 வாட்டுக்கும் குறைவு. விலை சுமார் 250 டாலர். அதே மாதம் வெளிவந்த ஸோனி கம்பெனியின் 'பிளே ஸ்டேஷன் 3' பெட்டிக்கு 500 டாலரும் 600 டாலரும் கேட்டார்கள்!

வீயின் பெரிய நிறை அதன் கைக்கோல்தான். மற்றப் பெட்டிகளில் பத்துப் பதினைந்து பொத்தான்கள். எது எதற்கு என்று கற்றுக் கொள்வதற்குள் பொழுது விடிந்துவிடும். வீயில் கையை வீசினால் போதும். டென்னிஸ் மட்டையைப் போல் வீசினால் திரையில் பந்து பறக்கும். கோலுக்குள் அசைவை அறியும் ஒரு சிறு கருவி இருக்கிறது. டெலிவிஷன் மேல் வைக்கும் பட்டையின் இரு முனைகளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒளி வரும். கோலின் முன்புறமுள்ள காமிரா அதைப் பார்த்து, எந்த இடத்தைச் சுட்டுகிறோம் என்று கணக்கிடும். வேடிக்கை என்னவென்றால், பட்டை கெட்டுப் போனால் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் கோல் வேலை செய்யும். (திரைச்சீலைப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள்!)

இதனால் நடந்தது என்ன? பேரனுக்குச் சமமாகப் பாட்டியும் ஆட வந்துவிட்டாள். அமெரிக்காவில் முதியோர் விடுதிகளில், பந்தை உருட்டிக் கட்டைகளைத் தள்ளும் 'பௌலிங்' ஆட்டத்தை வீயில் போட்டி வைத்தே ஆடினார்கள். கனமான பந்தைத் தூக்க முடியாத கைகளுக்கு அந்தச் சிறு கோல் பாரமாக இல்லை. மொத்தம் 10 கோடிக்கு மேல் வீ பெட்டிகள் விற்றன.

இனி குறைகளைப் பார்ப்போம்.

ஆட்டத்தின் உற்சாகத்தில் கோல் கையிலிருந்து நழுவிப் பறந்தது. டெலிவிஷன் திரையும் ஜன்னல் கண்ணாடியும் பலியாயின. மணிக்கட்டில் மாட்டும் கயிறு போதிய பலமில்லாமல் அறுந்ததுதான் காரணம். 2006 டிசம்பரிலேயே கம்பெனி சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர முன்வந்தது. மறு ஆண்டு கோலுக்கு ரப்பர் உறையும் இனாமாகக் கொடுத்தது.

இரண்டாவது, படத்தின் தெளிவு. மற்ற இரு கம்பெனிகளின் பெட்டிகளும் புது ரக டெலிவிஷனுக்கு ஏற்ற மிகத் தெளிவான படத்தைக் காட்டின. வீ பழைய ரகத் தெளிவோடு நின்றுவிட்டது. சினிமா டி.வி.டி. போட்டுப் பார்க்கவும் அதில் வழியில்லை. விலையையும் மின்சாரத்தையும் குறைத்த அதே சிக்கனம் இங்கே குறையாக வந்து நின்றது.

மூன்றாவது, தேகப்பயிற்சி. "உட்கார்ந்த இடத்தில் ஆடவில்லை, எழுந்து நின்று ஆடுகிறான்" என்று பெற்றோர் மகிழ்ந்தார்கள். லிவர்பூல் ஜான் மூர்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் சில பிள்ளைகளை ஆடவிட்டு அளந்து பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தைவிட இதில் உடல் அதிகம் உழைக்கிறது. ஆனால் நிஜமான விளையாட்டுக்கு இது ஈடாகாது என்று தெரிந்தது. போதாததற்குப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கையை முழுவதும் வீச வேண்டாம், மணிக்கட்டைச் சொடுக்கினாலே போதும் என்று கண்டுபிடித்து, சோபாவில் சாய்ந்து கொண்டே ஜெயித்தார்கள்!

நான்காவது குறையைத் தாய்மார்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ஏறி நின்றால் எடை காட்டும் பலகையோடு 'வீ ஃபிட்' என்ற உடற்பயிற்சி ஆட்டம் 2007 முடிவில் ஜப்பானில் வந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டு, இன்ன ரகம் என்று சொல்லிவிடும். 2008-ல் பிரிட்டனில் ஒரு பத்து வயதுச் சிறுமிக்கு எடை அதிகம் என்று சொல்லி, குழந்தையின் மனம் வாடியது. வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு அத்தனை பொருந்தாது என்று கம்பெனி பிறகு வருத்தம் தெரிவித்தது. யந்திரத்துக்குக் கணக்குத்தான் தெரியும். குழந்தையின் முகம் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவள் பக்கத்திலிருக்கும் அம்மாதான்.

கடைசியாக ஒன்று. இன்டர்நெட் வழியாக ஆட்டங்கள் வாங்க வீயில் ஒரு கடை இருந்தது. 2019 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். தட்டில் வாங்கிய ஆட்டம் பத்திரமாக இருக்கும். கடையில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்ததோ, பெட்டி பழுதானால் போனதுதான். வெளிநாட்டு உறவினர் தம் பழைய வீயைத் தருகிறேன் என்றாலும் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்கப் பெட்டியோடு வரும் மின்சாரக் கருவி 120 வோல்ட்டுக்கு ஏற்றது. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் தீய்ந்து போகும். ஒரு தேசத்துத் தட்டு இன்னொரு தேசத்துப் பெட்டியில் ஓடுவதும் இல்லை.

நிறையும் குறையும் சரிக்குச் சரியாகத் தோன்றுகிறதா? எனக்கென்னவோ நிறைத் தட்டுதான் தாழ்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. இதே கம்பெனி 2012-ல் 'வீ யூ' என்ற அடுத்த பெட்டியைக் கொண்டு வந்தது. அது ஒன்றரைக் கோடி கூட விற்கவில்லை. கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்த குடும்பங்கள், புதுமை தீர்ந்ததும் பெட்டிக்குத் துணி போட்டு மூடிவிட்டுத் தத்தம் கைபேசிக்குப் போய்விட்டன.

ஆகையால், எந்த ஆட்டப் பெட்டி வாங்குவதானாலும் கடைக்காரரிடம் படத் தெளிவை விசாரிப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆறு மாதம் கழித்து இதை யார் யார் சேர்ந்து ஆடப் போகிறோம்?" அதற்குப் பதிலாக இரண்டு பெயராவது வந்தால் வாங்கலாம். அவற்றில் ஒன்று உங்கள் பெயராக இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரை மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் கோலைப் பிடியுங்கள். தோற்றால் என்ன? அம்மாவை ஜெயித்த சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்கட்டுமே!