பகடையும் அமுதசுரபியும்

பொத்தேரியில் கல்லூரி மாணவர்கள் சிலர் தங்கியிருக்கும் அறையொன்றில் சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை முழுவதும் அமர்ந்திருந்தோம். ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி முடிவெடுக்கிறார்கள். முடிவு பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழிவந்த ஆட்டம். தாயக்கட்டை உருட்டிப் பழகிய நமக்கு அந்நியமானதல்ல.

அந்த ஆட்டத்தில் நம்மவர் ஒருவர் வெகுகாலமாக இருக்கிறார். 1977இல் வந்த அதன் விலங்கேட்டில் ராட்சசன் உண்டு. புலித்தலையோடு, அங்கியணிந்து, சுங்கான் பிடித்தபடி வீற்றிருக்கிறான். மந்திரிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் இறந்துவிடுவான். கம்பனைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அன்று மாணவர் ஒருவர் தாம் தயாரித்த தமிழ்ப் பட்டியலைக் காட்டியபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. யாளிக்கு இவ்வளவு வலிமை, பூதத்துக்கு இவ்வளவு உயிர்ப்புள்ளி, அமுதசுரபி நாளுக்குப் பத்துப் பேருக்குச் சோறிடும் என்று எழுதியிருந்தார். பெயர் தமிழாகிவிட்டது, பொருள் அந்தச் சுங்கான் பிடித்த ராட்சசனின் நிலையிலேயே இருக்கிறது.

அமுதசுரபிக்கு நம் காப்பியம் விதித்திருக்கும் விதிகள் எந்த ஆட்டக்காரரும் பொறாமைப்படத் தக்கவை. ஆபுத்திரனுக்கு அதைச் சிந்தாதேவி மதுரையில் தருகிறாள். இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டை வளமாக்கிவிட, பசித்தவர் எவரும் இல்லை. உணவு வற்றாத பாத்திரம் பயனற்றுப் போகிறது! அவன் அதை மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். ஆண்டுக்கொரு நாள் மட்டும் மேலெழும் அந்தப் பாத்திரம் பின்னர் மணிமேகலையின் கைக்கு வந்தும், ஆதிரை முதற்பிச்சை இட்ட பிறகே அவளது அறம் தொடங்குகிறது. பசிப்பவன் இல்லாவிட்டால் செத்துப்போகும் மந்திரப் பொருளை எந்த எண்ணால் அளப்பது?

புகாரின் ஐந்து மன்றங்களும் அப்படித்தான். காவலில்லாப் பண்டப்பொதியைத் திருடியவனின் தலைமேல் அதை ஏற்றிச் சுற்றவைக்கும் ஒன்று. நோயுற்றோரைத் தேற்றும் பொய்கை ஒன்று. நஞ்சுண்டோரையும் பேய் பிடித்தோரையும் மீட்கும் நெடுங்கல் ஒன்று. சதுக்கப்பூதம் எதிர்ப்பட்டவரையெல்லாம் விழுங்குவதில்லை. பொய்க்கரி சொல்பவன், தீய அமைச்சன், புறங்கூறுபவன் என்று அதன் இரைப்பட்டியல் திட்டவட்டமானது. ஐந்தாவதான பாவை, அரசன் நெறி தவறினால் பேசாமல் கண்ணீர் மட்டும் உகுக்கும். (மதுரையில் அப்படியொரு பாவை இருந்திருக்கலாகாதா என்று நினைக்காமல் அந்தக் காதையைக் கடக்க எங்களால் முடிந்ததில்லை.)

பண்பாடுகளைப் படைப்பதில்தான் இன்னும் கவனம் வேண்டும். ஒரு குலம் முழுவதையும் கொடியதென்று எழுதிவைப்பது இத்தகைய ஆட்டங்களின் பழைய நோய். 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே அந்த நிறுவனம் மாற்றிவிட்டது; சொல் மாறினால் பார்வை மாறிவிடுமா என்பது வேறு கதை. நாங்கள் மாணவர்களிடம் சொன்னது சாதுவன் கதை. கலம் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவர்கள் நரமாமிசம் உண்பவர்கள். அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைக்கிறான். மங்கையும் கள்ளும் ஊனும் தர முன்வந்த தலைவன், இவன் மறுத்ததும் சினந்து, இவையில்லாமல் வாழ்வில் என்ன பயன் என்கிறான். உடலை விட்டுப் போகும் உயிர் எங்கே போகிறது, சொல் என்கிறான். கேள்விகள் அற்பமானவை அல்ல. சாத்தனார் அவற்றை நரமாமிசம் உண்பவன் வாயில் வைத்தாரே, அதுவே பண்பாட்டைப் படைப்பது. கதை இறுதியில் சாதுவன் பக்கமே சாய்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நகரத்தான் எழுதிய காப்பியம்தானே!

அவர்கள் அதையே ஆடிப் பார்த்தார்கள். யாளிக்கு எண் போட்ட மாணவர் நாகர் தலைவனாக அமர்ந்தார். சாதுவனுக்குப் பொறியியல் படிக்கும் இன்னொருவர். உயிரைப் பற்றிய கேள்விக்கு முதலில் புத்தகத்தில் உள்ள பதிலே வந்தது. தலைவன் ஏற்கவில்லை. அடுத்த பதிலையும் ஏற்கவில்லை. செங்கல்பட்டு வண்டி ஒன்று போய், அடுத்ததும் போயிற்று. பகடையை யாரும் தொடவில்லை.