மூன்றாவது துள்ளல்

ஏரோப்ளேன் ஓட்டுவதில் மேலே போவது சுலபம். கீழே வருவதுதான் பேஜார். வேலியோரம் நின்று, புதுசாகப் பழகும் பையன்கள் விமானத்தை இறக்குவதை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதைப் பார்ப்பதைவிட சுவாரஸ்யம்.

செஸ்னா 152 என்று ஒரு குட்டி விமானம். 110 குதிரைசக்தி எஞ்சின். ஆள், பெட்ரோல், பை எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 757 கிலோ. மாணவனும் வாத்தியாரும் தோள் இடிக்க உட்கார வேண்டும். இறங்கும்போது அடி வாங்குவதற்கென்றே இறக்கைக்குக் கீழே உறுதியான எஃகுக் காலில் இரண்டு சக்கரங்கள். மூக்கில் இருப்பது நோஞ்சான். தரையில் திருப்பத்தான் லாயக்கு.

ஒருநாள் வாத்தியார் இறங்கிக்கொண்டு, "தனியா ஒரு ரவுண்டு போய்ட்டு வாப்பா" என்பார். அதுதான் ஸோலோ. பையன் போகிறான். திரும்பும்போது மணிக்கு 110 கிலோமீட்டரில் வரவேண்டியவன் 130-ல் வருகிறான். இறக்கையில் தூக்கும் சக்தி மிச்சம் இருப்பதால் விமானம் தரைக்குச் சற்று மேலேயே மிதக்கிறது; உட்காரமாட்டேன் என்கிறது. ரன்வே தீர்ந்துகொண்டே வருகிறது. பொறுமையில்லாமல் அழுத்துகிறான். டங்!

எகிறுகிறது. 'மேலே போகுது, கீழே தள்ளு' என்கிறது கை. தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதி, இன்னும் உயரமாக எகிறும். பதறிப்போய் இழுக்கிறான். ஒவ்வொரு திருத்தமும் அரை செகண்ட் லேட்டாக வருவதால் தப்பைக் குறைக்காமல் வளர்க்கிறது. இதற்கு 'பார்ப்பாய்ஸிங்' என்று பெயர். டால்பினுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையாகும் ஒரு கடல் பிராணி முங்கி முங்கி எழுவதைப் பார்த்து வைத்தது. மூன்றாவது துள்ளலில் மூக்குக் கால் மடங்கி, ப்ரொப்பெல்லர் தரையைச் சுரண்டும். எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் அப்புறம் பறக்க முடியாது. பையன் பெரும்பாலும் நடந்தே வெளியே வருவான், முகம்தான் செத்திருக்கும்.

மருந்து ரொம்ப எளிது. த்ராட்டிலை முழுக்கத் திறந்து, மேலே ஏறி, இன்னொரு சுற்று வரவேண்டும். ஐந்து நிமிஷப் பெட்ரோல்தான் செலவு. ஏன் செய்வதில்லை? கீழே வாத்தியார் பார்க்கிறார். கூடப் படிக்கிறவன்கள் டீ க்ளாஸுடன் பார்க்கிறார்கள். மானப் பிரச்னை!

2018 செப்டம்பரில் அமெரிக்காவில், மாஸச்சூஸட்ஸ் மாநிலத்து பெவர்லியில் 17 வயசுப் பெண் ஒருத்தி பைப்பர் வாரியர் விமானத்தில் முதல் ஸோலோ கிளம்பினாள். கிளம்பும்போதே வலது சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. அவள் உடனே இறங்கத் துடிக்கவில்லை. மேலேயே சுற்றிக்கொண்டு, தரையிலிருந்து ஆசிரியர் ரேடியோவில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, தயாரான பிறகே இறக்கினாள். விமானம் சறுக்கிப் புல்லில் போய் நின்றது. அவளுக்குக் காயமில்லை.

ஒரு சக்கரம் இல்லாதவள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். மூன்று சக்கரமும் உள்ளவன் மூக்கை உடைத்துக்கொள்கிறான். என்னைக் கேட்டால், வித்தியாசம் அந்த இன்னொரு சுற்றில்தான் இருக்கிறது.

மேனேஜரிடம் சொன்ன ஒரு சொதப்பலை அடுத்த சொதப்பலால் சரிக்கட்டப் பார்க்கும் ஆபீஸ் நண்பர்களும் இதைக் கவனிக்கலாம். இரண்டாவது துள்ளலிலேயே, "ஸார், நாளைக்குச் சொல்றேன்" என்று த்ராட்டிலைத் திறந்துவிடுங்கள்.