கல்லோடு சேர்த்துக் கொடுத்த வாக்கு

நிச்சயதார்த்த மோதிரத்தில் இருப்பது வைரமே அல்ல என்பதை யாரும் துப்பறிந்து கண்டுபிடிப்பதில்லை. மோதிரம் அணிவித்துத் திருமணத்தை உறுதி செய்யும் வழக்கம் ஊறிப்போன அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விரல் பருத்துவிட்டது என்று பெரிதாக்கக் கொடுப்பார்கள். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி தளர்ந்துவிட்டது என்று சரிசெய்யக் கொடுப்பார்கள். காப்பீடு எடுப்பதற்காக மதிப்பீட்டுச் சான்று கேட்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் லென்ஸை வைத்துப் பார்த்து, ஒரு கருவியின் முனையால் கல்லைத் தொட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொல்வார். அதற்குப் பிறகு மோதிரத்தை அணிந்திருந்த பெண்ணைத் தேடி இரண்டு ஆறுதல்கள் வரும். “கல்லில் என்ன இருக்கிறது, ஆள் நல்லவனா என்று பார்” என்பது ஒன்று. “வைரத்தின் மதிப்பே விளம்பரக்காரர்கள் கிளப்பிவிட்டதுதானே” என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை. இரண்டுமே அவளுக்கு நேர்ந்தது என்ன என்பதைத் தவறவிடுகின்றன என்பது என் கட்சி.

முதலில் கண்ணால் எவ்வளவு பார்க்க முடியும் என்பதைப் பேசிவிடலாம். சோவியத் யூனியனின் லெபெதேவ் இயற்பியல் நிறுவனத்தில் வளர்க்கும் வழி கண்டறியப்பட்டு, 1970களின் பிற்பகுதியில் சந்தையை நிறைத்தது கியூபிக் சிர்கோனியா. நம் கடைகளில் இதற்கு ‘அமெரிக்கன் டயமண்ட்’ என்று பெயர். ரஷ்யர்கள் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்புவோம். ஒரே பருமனில் இது வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக எடை நிற்கும். கடினம் குறைவு என்பதால் சில ஆண்டு அன்றாடப் புழக்கத்தில் விளிம்புகள் மழுங்கி, பளபளப்பு மங்கும். ஆனால் புதிதாக விரலில் போட்ட அன்று பழக்கமில்லாத கண் இதைப் பிரித்தறியாது. அடுத்தது மொய்சனைட். அரிசோனாவில் விழுந்த விண்கல்லின் துண்டுகளில் 1893இல் ஹென்றி மொய்சான் கண்டெடுத்த சிலிக்கான் கார்பைடு இது. செயற்கையாக வளர்க்கப்பட்டு 1990களின் கடைசியில் நகைக்கு வந்தது. வைரத்தைப் போலவே வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால், வெப்பத்தை மட்டும் அளக்கும் சோதனைக் கருவி இதையும் வைரம் என்றே சொல்லிவிடும். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கப் பட்டைகள் இரட்டையாகத் தெரியும். அதைத் தேடத் தெரிந்தவர்தான் தேடுவார். கடைசியாக ஆய்வகத்தில் வளர்த்த வைரம். 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய கதை. இதுவும் கரிமமே, அதே படிக அமைப்பே, அதே கடினமே. நாற்பது வருடம் பட்டை தீட்டியவரும் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. நிறமாலைக் கருவியும் புற ஊதா ஒளியில் வளர்ச்சிக் கோலத்தைப் படம்பிடிக்கும் கருவியும் வேண்டும்.

இப்போது விளம்பரத்தைப் பற்றிய வாதத்துக்கு வருவோம், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைக்கத் தொடங்கியபின் அது முன்போல அபூர்வப் பொருளாக இல்லை. 1888இல் சிசில் ரோட்ஸ் நிறுவிய டி பீர்ஸ் சுரங்கங்களையும் விற்பனையையும் கையில் வைத்துக்கொண்டு வரத்தைக் கட்டுப்படுத்தியது. 1938இல் என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. 1947இல் அந்த நிறுவனத்தின் பிரான்சிஸ் ஜெரட்டி, வைரத்தையும் நிரந்தரத்தையும் சேர்த்துக் கட்டிய நான்கு சொல் வாசகத்தை எழுதினார். இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவிடுவது முறை என்று 1980களில் அமெரிக்க ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் விளம்பரமே. 1967 வரை வைர மோதிரம் என்றால் என்னவென்றே பெரும்பாலும் அறியாதிருந்த ஜப்பானிய மணமகள்களில் பாதிக்கு மேற்பட்டோர் 1980களின் தொடக்கத்தில் அதை அணிந்தார்கள். நம்மூரில் இந்த வழக்கம் புதிது. நம் பாட்டிமார் வைரத்தை விரலில் தேடவில்லை, காதிலும் மூக்கிலும் தேடினார்கள். ‘ப்ளூ ஜாகர்’ என்று தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தை நினைவுபடுத்தும் பெயரோடு வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்து ராசி பார்த்தார்கள்.

இத்தனையும் சரி. வைரத்தின் மதிப்பு சமூகம் ஏற்றிவைத்த மதிப்பு. ஆனால் இதிலிருந்து “ஆகவே பொய்க்கல் ஒரு பொருட்டல்ல” என்ற முடிவு வராது, அதற்கு நேர் எதிரான முடிவுதான் வரும். கண் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது, அழகிலும் பெரிய பேதமில்லை, மதிப்பே மனிதர்கள் பேசிவைத்துக்கொண்டதுதான் என்றால், ஒரு மோதிரத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பதற்கு எஞ்சியிருப்பது அதோடு சேர்த்துச் சொல்லப்பட்டது மட்டுமே. இது வைரம், இதற்காக நான் இவ்வளவு மெனக்கெட்டேன் என்ற கூற்றைத்தான் அவள் விரலில் போட்டுக்கொண்டாள். கல் எவ்வளவுக்கெவ்வளவு அற்பமோ அவ்வளவுக்கவ்வளவு அந்தக் கூற்றின் எடை கூடுகிறது.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. நகைச் சந்தையை ஒழுங்குபடுத்தும் விதிகளெல்லாம் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. 22 காரட் தங்கத்தில் 916 என்று முத்திரை இருக்கும். வைரம் பதிக்கும் மோதிரத்தைப் பெரும்பாலும் 18 காரட்டில் செய்வார்கள். ஆயிரத்துக்கு 750 பங்குதான் தங்கம், மீதி வேறு உலோகம். கால் பங்கு தங்கமே இல்லை என்பதற்காக அதை யாரும் போலி என்று சொல்வதில்லை, 750 என்று அதிலேயே பொறித்திருப்பதால். அதே உலோகத்தில் 916 என்று பொறித்தால் அது மோசடி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி குறைந்த தூய்மைக்கான விலை வித்தியாசத்தைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்கு ஈடாகத் தர வேண்டும். உலோகம் மாறவே இல்லை, முத்திரைதான் மாறியது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018இல் வைரத்துக்கான தன் விளக்கத்திலிருந்து ‘இயற்கையான’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆனால் ஆய்வகத்தில் வளர்ந்தது என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை எடுக்கவில்லை. விரிசலில் கண்ணாடி நிரப்பிய இயற்கை வைரத்துக்கும் இதே கதிதான். பூமியிலிருந்து தோண்டியெடுத்த கல்லாகவே இருந்தாலும் நிரப்பியதை மறைத்து விற்றால் அது ஏமாற்று வேலை. 2023இல் பிரதமர் மோடி அமெரிக்க அதிபரின் மனைவிக்குக் கொடுத்த 7.5 காரட் கல் ஆய்வகத்தில் வளர்ந்தது. அப்படித்தான் என்று உலகத்துக்குச் சொல்லியே கொடுத்தார்கள். அவமதிப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அதே ஆண்டுதான் இத்தகைய வைரத்துக்கான ஆய்வு மையம் சென்னை ஐஐடிக்கு ஒதுக்கப்பட்டது. நாளைக்குத் தமிழ்நாட்டு நிச்சயதார்த்தங்களில் இந்தக் கல் சகஜமாகிவிடலாம். ஆகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மோதிரம் ஏன் வெறும் பரிசு அல்ல என்பதற்கு மார்கரெட் பிரினிக் என்ற சட்டப் பேராசிரியர் 1990இல் ஒரு விளக்கம் வைத்தார். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றியவன்மீது நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமை அமெரிக்கப் பெண்களுக்கு முன்பு இருந்தது. 1935இல் இண்டியானா மாநிலம் அதை ஒழித்தது; பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. டி பீர்ஸின் பெரிய விளம்பரம் வருவதற்கு முன்பே வைர மோதிரத்துக்குத் தேவை ஏறத் தொடங்கியதை அவர் இதோடு இணைத்தார். நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் விலையுயர்ந்த மோதிரம் ஒரு பிணையாக வந்து உட்கார்ந்தது என்பது அவர் வாதம். கன்னித்தன்மைக்கு விலை வைத்திருந்த ஒரு சமூகத்தின் கதை அது. இன்று அந்தக் காரணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் மோதிரத்தைப் பார்த்து ஒரு பெண் வேலையை விடுகிறாள், ஊர் மாறுகிறாள், இரு வீட்டாரும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிறார்கள். பிணை பொய்யானால் நஷ்டம் கல்லின் விலையோடு நிற்காது.

“பாவம், அவனிடம் காசில்லை, ஊர் பார்வைக்குப் பயந்து செய்துவிட்டான்” என்பது நான் மதிக்கும் ஆட்சேபம். இரண்டு மாதச் சம்பளம் என்ற கணக்கை அவன் கண்டுபிடிக்கவில்லை, அவன் தலையில் கட்டினார்கள். ஆனால் ஊருக்காகப் போட்ட வேஷத்தை அவளிடம் சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாமே. ஊர் முன்னால் இருவரும் சேர்ந்து நடிப்பது வேறு. அவளையும் பார்வையாளர் வரிசையில் உட்காரவைப்பது வேறு. சொல்லாமல் விட்டதால் இல்லாத வைரத்துக்கு அவள் ஆண்டுதோறும் காப்பீட்டுத் தவணை கட்டியிருக்கலாம். ஆபத்து வந்தால் விற்றுக்கொள்ளலாம் என்று நம்பியிருக்கலாம். “வாங்கும்போதே அவள் சோதித்திருக்க வேண்டும்” என்பது இன்னொரு ஆட்சேபம். கடையில் வாங்குபவர் உரைத்துப் பார்க்கலாம், சான்றிதழ் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பரிசாக வந்ததை அப்படிச் சோதித்தால் அதுவே அவமானம். மரியாதை அவள் கையைக் கட்டிப்போட்டிருக்கும் ஒரே கொடுக்கல் வாங்கல் இதுதான், ஆகவே உண்மை சொல்லும் பொறுப்பு முழுவதும் கொடுத்தவன் பக்கம் போய்ச் சேர்கிறது.

இவ்வளவு சொன்னபின் அவசரப்பட்டு அவனைக் குற்றவாளியாக்கிவிடவும் கூடாது. கொடுத்தவனே ஏமாந்திருக்கும் சந்தர்ப்பங்கள் நிறைய உண்டு. பாட்டி கொடுத்த மோதிரம் என்றால் இன்னும் சிக்கல். இலங்கையின் தென்கோடியில் கிடைத்த நிறமற்ற சிர்க்கோன் கற்கள் ஒருகாலத்தில் மாத்தறை வைரம் என்ற பெயரிலேயே ஐரோப்பாவுக்குப் போயின. ஈயக் கண்ணாடிக் கற்கள் பெரிய வீட்டு நகைகளிலும் இருந்தன. எந்தத் தலைமுறையில் யார் அசலை விற்றுவிட்டு நகலைப் பதித்தார்கள் என்று குடும்பத்துக்கே தெரிந்திருக்காது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் கல் மாறியிருக்கலாம். சான்றிதழும் முழு அரண் அல்ல. இயற்கை வைரத்துக்கு வழங்கிய அறிக்கையின் எண்ணை வேறொரு கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்து விற்ற போலிகளை ஆய்வகங்களே பிடித்திருக்கின்றன.

ஆகவே மோதிரத்தைக் கழற்றி வீசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, இதற்கு எவ்வளவு கொடுத்தாய் என்பதல்ல. உனக்கு இது எப்போது தெரியும் என்பதுதான். கூடவே அந்த ரசீதையும் எடுத்துவரச் சொல்லலாம். மொய்சனைட் என்றோ சிர்கோனியா என்றோ அதில் ஒழுங்காக அச்சிட்டிருந்தால் கடைக்காரர் உண்மை பேசியிருக்கிறார், பேசாதவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வைரம் என்று எழுதி, அதற்கான பணமும் வாங்கியிருந்தால், இருவரும் சேர்ந்தே அந்தக் கடைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.